ஒன்பதாம் மாசத்து அரிப்பு

ராசாத்தி சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அஞ்செட்டிக்கும் அந்தப் பக்கம், நாளுக்கு மூன்று பஸ் வந்தாலே பெரிது என்கிற ஊரில் பிறந்தவள். பதினொரு வருஷமாக ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. காருக்குள் ஓடும் ஒயர்களை நிறம் பார்த்துப் பிரித்து, சேர்த்து, டேப் சுற்றிக் கட்டாக்கி அனுப்புகிற வேலை. எட்டு மணி நேரம் நின்றபடியே செய்ய வேண்டும். அவள் கட்டிய கட்டில் பச்சையும் ஊதாவும் இடம் மாறிவிட்டன என்று இன்றுவரை ஒரு புகார் கிடையாது. லைனில் புதிதாகச் சேரும் பெண்களிடம், "கை ஓடட்டும், வாய் சும்மா இருக்கட்டும்" என்பாள். சொல்லிவிட்டு ஷிப்ட் முடியும்வரை அவள் வாய்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பேர்ப்பட்ட கைகளை, முப்பத்திரண்டாம் வயதில், ஒன்பதாம் மாசத்தில், ஓர் அரிப்பு முழுநேர வேலைக்கு எடுத்துக்கொண்டது.

முதலில் வயிற்றில்தான் ஆரம்பித்தது. வயிறு விரிந்த கோடுகளின் மேல் பொடிப்பொடியாகச் சிவந்து கிளம்பியது. இரண்டே நாளில் கோடெல்லாம் தடித்து, தொடைக்கு இறங்கி, அங்கிருந்து கைகளுக்கும் தாவிவிட்டது. தொப்புளை மட்டும் தொடவில்லை. அதற்கு மட்டும் என்ன மரியாதையோ. ராசாத்தி நகத்தால் சொறிந்தாள், சீப்பால் சொறிந்தாள், கை எட்டாத இடத்துக்குக் கதவு நிலையில் எருமை மாதிரி முதுகைத் தேய்த்தாள். கடைசியில் புருஷனுடைய ஸ்டீல் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டாள்.

புருஷன் தீர்த்தகிரி சிப்காட்டில் இரும்பு கடையும் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறவன். இரும்பில் தலைமுடிக் கனம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான். மற்ற விஷயங்களில் வண்டிச்சக்கரம் அளவுக்குப் பிசகினாலும் அவன் கண்ணில் படாது.

"அது அளவு பாக்கற ஸ்கேல் ராசாத்தி, தேஞ்சிரும்" என்றான்.

ராசாத்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அந்த ஸ்கேலை அன்றே அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்திருந்த மாமியார் பூவம்மாளுக்கு வேறு பயம். பங்குனி வெயில். ஊரில் அங்கங்கே அம்மை போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து, ராசாத்தி வாயைத் திறப்பதற்கு முன்பே, "அம்மா வந்திருக்குதுங்களா, பாத்துச் சொல்லுங்க" என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"அம்மை இல்லைங்க" என்றார் டாக்டரம்மா. "தலைச்சன் பிரசவத்துல, கடைசி மாசத்துல இப்படிச் சிலருக்கு வரும். குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. பிரசவம் ஆனா தானா அடங்கிடும். எதுக்கும் ரத்தம் ஒரு தடவை பாத்துடலாம். சொறியாதீங்க, சொறிஞ்சா இன்னும் தடிக்கும். பச்சைத் தண்ணியில குளிங்க, லூசா பருத்தித் துணி போடுங்க, அரிக்கிற எடத்துல ஈரத் துணி போட்டு வைங்க." பிறகு குரலைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். "தடிப்பு இல்லாம உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிச்சா அது வேற விஷயம். அன்னிக்கே ஓடி வரணும், தெரியுதா?"

ரத்தம் நன்றாக இருந்தது. தடவ ஒரு ரோஸ் நிற மருந்து கொடுத்தார்கள். அதைப் பூசிக்கொண்டு நின்ற ராசாத்தி, பிரைமர் அடித்துவிட்டுப் பெயின்ட் அடிக்க மறந்த சுவர் போல இருந்தாள். ஈரத் துணி போட்டால் பத்து நிமிஷம் சுகம். பதினோராவது நிமிஷம் அரிப்பு வட்டியோடு வரும். ஆனாலும் அவள் அழவில்லை. அழுவதற்கு நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு.

அந்த வளைகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராசாத்திக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் லைனில் வேலை பார்த்த பெண்களுக்கு மட்டும் பதினான்கு வளைகாப்பு. எல்லாவற்றுக்கும் போனாள். பாத்திரம் கழுவினாள், இலை போட்டாள், புளிசாதம் கிளறினாள். வளையல் தட்டு மட்டும் அவளிடம் வராது. யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தட்டு அவளுக்கு முன்னால் நிற்பவள் கைவரை வரும், பிறகு அவளுக்குப் பின்னால் நிற்பவள் கைக்குப் போய்விடும், அவ்வளவுதான். அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தும். சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போய்விடுவாள். அதனால் தன் வளைகாப்புக்கு ஒருத்தரும் குறையக் கூடாது, அத்தனை பேரும் வந்து தன் கை நிறைய வளையல் போட வேண்டும் என்பது அவளுக்குச் சாதாரண ஆசை இல்லை. உடம்பு முழுக்கத் தடித்துக் கிடந்தாலும் சரி, கைகள் இரண்டையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

கூப்பிட வேண்டியவர்கள் பட்டியலைப் பத்து நாள் முன்பே மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து எழுதினார்கள். எதிர்வீட்டு சாந்தம்மா பெயர் வந்தது. சாந்தம்மா கன்னடக்காரி. ரோஜாத் தோட்டத்தில் பூ கட்டி அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. நாற்பத்தைந்து வயது, பிள்ளை இல்லை. பூவம்மாள் பேனாவைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள். "அவ எதுக்கு கண்ணு, நல்ல காரியத்துல" என்றாள்.

ராசாத்தி அந்தப் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயரை எழுதினாள்.

புதன்கிழமை பூவம்மாள் வைத்தியத்தைத் தன் கையில் எடுத்தாள். அம்மை இல்லையென்றால் சூடுதான், சூட்டுக்கு வேப்பிலைதான் என்பது அவள் கணக்கு. இலையைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, காலையும் மாலையும் மருமகளுக்கு ஊற்ற வேண்டும். "டேய் கிரி, வேப்பந்தழை ஒடிச்சிட்டு வாடா" என்றாள். தீர்த்தகிரி எதையும் குறைவாகச் செய்ய மாட்டான். ரோட்டோர மரத்தில் ஏறி ஒரு வண்டி தழையோடு வந்தான். வீடு மாடியில், இரண்டே அறை. அவ்வளவு தழையை எங்கே வைப்பது? கீழே போட்டால் தெருவில் திரியும் ஆடுகள் விடாது. யோசித்தான். தெருப் பக்கம் இரும்புக் கேட் இருந்தது. அதன் இரண்டு தூணிலும், மேல் கம்பியிலும், ஆட்டுக்கு எட்டாத உயரத்தில், கயிறு போட்டுக் கச்சிதமாகக் கட்டிவிட்டான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு கைப்பிடி உருவிக்கொண்டால் போதும். வேலை சுத்தமாக முடிந்ததில் அவனுக்கு ஏகத் திருப்தி.

மாமியாருக்கு முழங்கால் வலி, மருமகளுக்கு ஒன்பதாம் மாசம். இரண்டு பேரும் படி இறங்கவே இல்லை. வியாழக்கிழமை பூவம்மாள் போனில் சொந்தக்காரர்களிடம், "ஒடம்பெல்லாம் சிவந்து போட்டிருக்குது பாவம், வேப்பந்தண்ணிதான் ஊத்தறோம்" என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து போன்கள் வரத் தொடங்கின. ஒருத்தருக்குத் திடீரென்று மாடு கன்று போடும் நாள் நெருங்கிவிட்டது. ஒருத்தருக்கு ஊரில் பஞ்சாயத்து. லைன் லீடர் ரூபி, "ஞாயித்துக்கெழமை சர்ச் இருக்குதே ராசாத்தி" என்றாள். காலை ஆறு மணி பூசைக்குப் போய்விட்டு நேராக வந்துவிடுகிறேன் என்று போன வாரம் சொன்னவள் அவளேதான். அண்ணன் மாதேஷ், "பசங்களுக்குப் பரீட்சை, நான் மட்டும் வர்றேன்" என்றான். அவன் குரலில் இருந்த பயபக்தி ராசாத்திக்குப் புரியவில்லை. தன் அண்ணன் தன்னிடம் இவ்வளவு பணிவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏழு வகைச் சாதம் அறுபது பேருக்குத் தயார். பட்டுப்புடவை உடம்பில் பட்ட இடமெல்லாம் நெருப்பாக எரிந்தது. பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். பத்து மணி ஆயிற்று, பத்தேகால் ஆயிற்று, படியில் ஒரு காலடி கேட்கவில்லை. அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளையும், வளையல் தட்டையும் ராசாத்தி மாறி மாறிப் பார்த்தாள். அவ்வளவு நாள் தாங்கிய அரிப்புக்கு வராத அழுகை அப்போது வந்துவிட்டது.

"என் தடிப்பப் பாத்து அருவருப்பு பட்டுட்டாங்க அத்தை. தொட்டா ஒட்டிக்கும்னு நெனைச்சிட்டாங்க. எட்டு வருசமா ஒவ்வொருத்தி வீட்லயும் நான் எச்சில் எலை எடுத்திருக்கறன்."

பூவம்மாள் மருமகளின் கையைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் அரித்ததால் ராசாத்தி அழுதுகொண்டே கையை உதறிச் சொறிந்தாள்.

அப்போதுதான் படியில் காலடி கேட்டது. மெதுவான, செருப்பில்லாத காலடி. வந்து நின்றது சாந்தம்மா. ஈரத்தலை, மஞ்சள் பூசிய முகம். ஒரு கையில் நான்கு இளநீர், இன்னொரு கையில் வெளுத்த பழைய பருத்திச் சேலை, துவைத்து மடித்தது. வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தாள். வாழையிலையையும் பட்டுப்புடவையையும் பார்த்து மிரண்டுபோனாள்.

"ஏனம்மா இது? அம்மா எறங்கறதுக்குள்ள விசேசமா?"

"எந்த அம்மா?" என்றாள் பூவம்மாள்.

"கேட்டு முழுக்க வேப்பிலை கட்டியிருக்குதே, நாலு நாளா. தெருவுல அத்தினி பேருக்கும் தெரியுமே. மாரம்மா வந்த வீட்டை யாரும் விசாரிக்கக் கூடாதுன்னு தள்ளி நிக்கறாங்க. அவங்க வீட்ல எல்லாம் சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க, என்ன பண்ணுவாங்க." சாந்தம்மா ராசாத்தியைப் பார்த்தாள். "நெறமாசக்காரிக்கு அம்மா வந்திருக்குது, பாத்துக்க ஆள் வேணுமேன்னு நான் வந்தேன். எனக்குச் சின்ன வயசுலயே போட்டாச்சு. வீட்ல ஒட்டறதுக்குப் புள்ளைங்களும் இல்ல. படுக்கறதுக்கு மெத்துன்னு இருக்கும்னு இந்தச் சேலை."

மூன்று பேரும் ஒரே திசையில் திரும்பினார்கள். மூலையில் தீர்த்தகிரி இலைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தான்.

"ஆடு தின்னுடக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தான். வேப்பிலை கட்டிய வாசலுக்கு என்ன அர்த்தம் என்று இந்தச் சீமையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். நாலு நாளாகத் தினம் இருமுறை அதன் கீழேதான் போய் வந்தான்.

"இரும்புல முடியளவு தப்புக் கண்டுபிடிப்பாராம்!" என்றாள் ராசாத்தி. அழுகையோடு சிரிப்பும் வந்து, வயிறு குலுங்கி, உள்ளே இருந்ததும் சேர்ந்து ஓர் உதை விட்டது. "போய் அவுத்துத் தொலைங்க. அவுத்துட்டு ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லுங்க, எனக்கு வந்தது அம்மா இல்ல, அரிப்புன்னு."

தீர்த்தகிரி ஒவ்வொரு வீடாகப் போக வேண்டியிருக்கவில்லை. தெருமுனை டீக்கடையிலேயே மாதேஷ் நாலாவது டீயோடு நின்றுகொண்டிருந்தான். பயணம் வந்த காலோடு அம்மன் இருக்கிற வீட்டுக்குள் எப்படிப் போவது, வந்துவிட்டு எப்படித் திரும்புவது என்று தெரியாமல் நின்றது ஒரு மணி நேரம். பக்கத்தில் ரூபியும், லைன் பெண்கள் ஆறு பேரும். சர்ச், ஊர் வேலை என்று சாக்குச் சொன்னவர்களுக்கு வராமலும் இருக்க முடியவில்லை, அந்த மூலையைத் தாண்டவும் முடியவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எதிரே மரத்தடியில். தீர்த்தகிரி கையெடுத்துக் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னான். டீக்கடையே சிரித்தது. அவன் ஆயுசுக்கும் இனி அந்தக் கடையில் நிம்மதியாக டீ குடிக்க முடியாது.

பதினோரு மணிக்குப் படி கொள்ளாத கூட்டம். "நல்ல நேரம் போகுது, ஆரம்பிங்க" என்று சத்தம் போட்டாள் பூவம்மாள். மூன்று பிள்ளை பெற்ற ரூபி முன்னால் வந்து, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வளையல் தட்டுக்குக் கையை நீட்டினாள்.

ராசாத்தி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கூட்டத்துக்குள் தேடினாள். சாந்தம்மா அங்கே இல்லை. அடுக்களையில் குனிந்து இளநீர் சீவிக்கொண்டிருந்தாள். பதினான்கு வீட்டில் அதே இடத்தில் ராசாத்தி நின்றிருக்கிறாள்.

"அக்கா, இங்க வாங்க. நீங்க போடுங்க மொதல்ல."

சாந்தம்மா நிமிர்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. "பேடம்மா, வேணாம். நான் போடக் கூடாது. வேற யாராச்சும்..."

"உங்களை நான் கூப்பிடல அக்கா" என்றாள் ராசாத்தி. எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "மறந்துபோய்க் கூப்பிடாம இல்ல. உங்க பேரு வந்துச்சு, வேணாம்னாங்க, நான் வாய மூடிக்கிட்டன். எனக்குத் தெரியாத வலியா அது? தெரிஞ்சேதான் பண்ணன். நீங்க வந்து போடலன்னா இந்தக் கையில இன்னிக்கு யாரும் போட வேணாம்."

கூட்டம் பூவம்மாளைப் பார்த்தது. பூவம்மாள் வாயைத் திறந்தாள். துவைத்து மடித்த அந்தப் பழைய சேலை கட்டில் மேல் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு மூக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "என்ன பாத்துட்டு நிக்கற சாந்தா? பச்சை எடு. பச்சையிலதான் ஆரம்பிக்கணும்" என்று அதட்டினாள்.

சாந்தம்மா கையைக் கழுவினாள். துடைத்தாள், மறுபடியும் கழுவினாள். வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் ரோஜா கட்டுகிற கைதான். எந்தப் பக்கம் பிடிப்பது, விரலை எப்படிக் குவிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதற்குமுன் எந்த வீட்டிலும் யாரும் அவளைப் போட விட்டதில்லை. வளையல் கட்டைவிரல் மேட்டில் வந்து நின்றுவிட்டது. தள்ளினால் உடைந்துவிடுமோ என்று பயந்து, இம்மி இம்மியாக நகர்த்தினாள்.

ராசாத்தியின் கை மணிக்கட்டிலிருந்து தோள்வரை பற்றி எரிந்தது. ஆயிரம் எறும்பு ஊர்ந்தது. சொறிந்தால் போதும், சொத்தையே எழுதிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

"மெதுவா போடுங்க அக்கா" என்றாள். "எனக்கொண்ணும் அவசரமில்ல."