மவுஸ் நின்றுபோன மதியம்

டைப்பிஸ்ட் அக்காவைப் பதினெட்டு வருடமாகத் தெரியும். அவள் மேசைக்கும் என் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். கீபோர்டைப் பார்க்காமலே பக்கம் பக்கமாக அடிப்பாள், ஒரு எழுத்து பிசகாது. மற்றபடி அந்தப் பழைய கம்ப்யூட்டரில் எது செய்வதானாலும் மவுஸால் படத்தை அமுக்கினால்தான் உண்டு. வேறு வழி அவளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது!

அன்றைக்கு, வேலை போன ஒரு பெண்ணின் மேல்முறையீட்டு மனு. மூன்று மணிக்குள் கொடுக்காவிட்டால் போன வேலை போனதுதான். பதினோரு பக்கம் அடித்து முடித்து சேவ் செய்யப் போனால், அம்பு நகரவில்லை. மணி இரண்டே கால்.

"தம்பி, இங்க வாயேன். இது செத்துப் போச்சு."

மேசைக்கடியில் தலையை விட்டேன். மவுஸ் வயர் கழன்று தொங்கியது. அதோடு விட்டேனா? தூசி ஊதுகிறேன் என்று கீபோர்டு வயரையும் பிடுங்கித் தொலைத்தேன். பார்த்தால் இரண்டு ஓட்டையும் ஒரே மாதிரி உருண்டை, நிறமெல்லாம் வெளுத்துவிட்டது. எது எதில்? குத்துமதிப்பாகச் சொருகினேன்.

"அய்யய்யோ, இப்ப எழுத்தும் வரல!"

"கொஞ்சம் சும்மா இருங்கக்கா!" என்று சீறி, மாற்றிச் சொருகினேன். எழுத்து வந்தது. அம்பு மட்டும் அசையவில்லை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். "பழைய மெஷின். ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் மவுஸ் வரும்," என்று சொல்லி வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

ஆஃப் செய்தால் பதினோரு பக்கமும் போய்விடும். சேவ் செய்ய மவுஸ் வேண்டும். மவுஸ் வர ஆஃப் செய்ய வேண்டும். எனக்குத் தலை கிறுகிறுத்தது. அக்கா அழுதுவிடுவாள் போலிருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்: "கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்கிப் பாக்கலாமாக்கா?"

அக்கா அமுக்கினாள். திரையில் ஒரு பெட்டி வந்து பெயர் கேட்டது. அடித்து எண்டர் தட்டினாள். பதினோரு பக்கமும் பத்திரம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் வாய மூடிட்டு உக்காந்திருந்த?"

"கம்ப்யூட்டர் தெரியாதுன்னு எழுதித்தான் சார் என்னை வேலைய விட்டு அனுப்பினாங்க. அப்புறம் எனக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு எனக்கே குழப்பமாயிடுச்சு."

"காலையிலருந்து அதைத்தானே அடிச்சிட்டிருக்கேன்," என்றாள் அக்கா. "எனக்கு உறைக்கவே இல்லையே!"

ஆஃப் செய்து ஆன் செய்தோம். அம்பு நகர்ந்தது. அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உக்காரும்மா. இப்ப நடந்ததைப் பன்னிரண்டாம் பக்கமா நீயே அடி."

"சாட்சி நான்னு போடு," என்றேன், கோபம் அடங்காமலே.