ஊட்டும் கை, ஒரு நாள்

அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்த வருடம் அது. செங்கம் ரோட்டில், தானாக நடக்கவோ சாப்பிடவோ முடியாத பன்னிரண்டு பிள்ளைகளுக்காக நடந்த சின்னப் பகல் பள்ளிக்கு நான் பொருளாளர். வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அது முடிந்து சாயங்காலமும் லீவு நாட்களிலும் இங்கே. சம்பளமில்லாத பதவி என்பதால் எனக்குப் போட்டியே இல்லை.

ஆசிரமப் பக்கம் வருடாவருடம் வந்து தங்கும் ஒரு வெளிநாட்டுத் தம்பதிதான் ஆயாக்களின் சம்பளத்தைக் கொடுத்து வந்தார்கள். அந்த வருடம் அவர்கள் வரவில்லை, கடிதம் வந்தது. சேமிப்பெல்லாம் போய்விட்டது, இனி முடியாது, மன்னியுங்கள் என்று எழுதியிருந்தார்கள். என்ன விஷயம் என்று ஆயா கேட்டாள். அங்கே பொருளாதார மந்தம் என்றேன். அவள் காதில் அது மாந்தம் என்று, கைக்குழந்தைகளுக்கு வரும் அஜீரணமாக விழுந்திருக்கிறது.

"பெரியவங்களுக்குக்கூட மாந்தம் வருமாக்கா? ஓமத்தண்ணி குடுத்தா கேக்குமே."

வயிறு வலிக்கச் சிரித்தேன். அடி விழப்போவது அவள் வயிற்றில்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இரண்டு ஆயாக்களில் ஒருத்தி அடுத்த மாதமே ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குத் துணி துவைக்கப் போய்விட்டாள். மிஞ்சியவள் ஓமத்தண்ணி சொன்ன இவள், அடி அண்ணாமலைக்காரி. அவளையும் அங்கே கூப்பிட்டார்கள், சம்பளமும் ஜாஸ்தி. எந்தப் பிள்ளைக்குச் சோற்றைக் கூழாகக் கரைக்க வேண்டும், எவனுக்குத் தொண்டையைத் தடவிவிட்டால்தான் இறங்கும் என்பதெல்லாம் அவள் கைக்கு மட்டுமே தெரியும். அவள் போனால் பள்ளியை மூட வேண்டியதுதான். எனக்குப் பயமாக இருந்தது.

இதில் வேடிக்கை, சாப்பாட்டுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அந்த மாதப் பௌர்ணமியன்று மூன்று குடும்பங்கள் தனித்தனியாக மதியச் சாப்பாடு கொண்டுவந்து இறக்கின. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மூன்று அண்டா சர்க்கரைப் பொங்கல். ஒருவன் வாந்தியே எடுத்துவிட்டான். மீதியைக் கிரிவலம் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தோம்.

எனக்கு எதையும் குடைந்து குடைந்து கேட்கிற புத்தி. சாப்பாடு தருகிறவர்கள் ஏன் சம்பளத்துக்குத் தருவதில்லை என்று ஒருவர் விடாமல் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் சிரித்து மழுப்பினார்கள். மாதம் ஒரு மூட்டை அரிசி அனுப்பும் கடைக்காரர் மட்டும் யோசித்துப் பதில் சொன்னார்.

"சோறு போட்டா புண்ணியம்ங்க. சம்பளம்னா அது கூலி ஆச்சே. அதுல நமக்கு இன்னா வரும்?"

அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளின் வாய்க்குப் போகாத சோற்றில் என்ன புண்ணியம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

வாசலில் எங்கள் அன்னதானப் பலகை உண்டு. காலை டிபன், மதியச் சாப்பாடு, இனிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தொகை எழுதியிருக்கும். அதன் கீழே 'ஊட்டும் கை, ஒரு நாள்' என்று எழுதி, ஆயாவின் ஒரு நாள் சம்பளத்தைத் தொகையாகப் போட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு மாதம் ஓடியது. ஒரே ஒருவர் வந்து விசாரித்தார். இங்கே செயற்கைக் கை பொருத்துகிறீர்களா, சொந்தக்காரர் ஒருவருக்கு வேண்டும் என்றார்.

ஆயாவுக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. இரண்டாவது மாதமும் அப்படியே. ஒரு சாயங்காலம் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். விலகப் போகிறேன் என்று சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கசங்கிய நோட்டுகளை மேஜையில் வைத்தாள்.

"நாளைக்கு எங்கம்மா தெவசம். சாப்பாடு வேணாம்க்கா, அத எல்லாரும் குடுக்கறாங்க. கை ஒரு நாள்னு எழுதிக்கோங்க."

அது உன் சம்பளம்தானே, ஒன்றாம் தேதி இந்தப் பணத்தை உன்னிடமே திருப்பித் தரப்போகிறேனே என்றேன்.

"தெரியும்க்கா. பில்லு போடுங்க."

போட்டேன். அவள் அதை மடிக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கெஸ்ட் ஹவுஸ்காரர்களுக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன்.

"வரலன்னுட்டேன். அம்மா பேருல எழுதிட்டு எப்படிக்கா போறது?"

அவள் போன பிறகு ரசீதுப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஊரையெல்லாம் ஏன் தரவில்லை என்று குடைந்தவளாயிற்றே, என் பெயரையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. என் நான்கு பிறந்தநாளுக்கு நான்கு ரசீதுகள் இருந்தன. நான்கும் கேசரி.