ஐந்தாவது கோப்பை

நாகலூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் மூடுபனி இறங்குகிறது. இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து எஸ்டேட்டின் காப்பி ருசி பார்க்கும் அறைக்குள் ஒதுங்குகிறேன். சுவரில் சான்றிதழ்கள். அங்கே ருசி பார்க்கும் அம்மா காப்பிப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவராம். தலையில் பூ இல்லை. பவுடர் வாசம்கூட இல்லை.

ஒரே மூட்டைக் கொட்டையை ஐந்து கோப்பைகளுக்குத் தனித்தனியே அரைத்துப் போட்டு, வெந்நீர் ஊற்றி முகர்கிறார். ஐந்தாவதைத் தள்ளிவைக்கிறார்.

"இதுல ஒரு கொட்டை கெட்டதுங்க."

எனக்கு ஐந்தும் ஒன்றாகவே மணக்கின்றன.

மகளைக் கொஞ்சக் குனிந்தவர் அப்படியே நின்றுவிடுகிறார்.

"ஏனுங்க, பாப்பாவுக்குக் காய்ச்சலுங்களா?"

"இல்லையே, நல்லாத்தான் விளையாடுறா."

"வரப்போகுதுங்க. வாசம் மாறியிருக்குது."

"இதுக்கும் பரீட்சை எழுதினீங்களா?" சிரிக்க முயல்கிறேன்.

"இதுக்கேதுங்க பரீட்சை? எம்பட மககிட்ட இதே வாசம் வந்தப்ப, சோப்புன்னு நெனச்சு உட்டுட்டேனுங்க."

மகளைத் தொட்டுப் பார்க்கிறேன். மகளின் நெற்றி குளிர்ந்துதான் இருக்கிறது. உச்சியை முகர்கிறேன், தேங்காய் எண்ணெய்தான்.

கரடியூர் போகவேண்டியவள், மகளை டாக்டரிடம் காட்டச் சேலம் பஸ்ஸில் ஏறுகிறேன். காப்பி முகர்கிறவர் சொன்னதற்காகவா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னல் வழியே பனி உள்ளே வருகிறது. விறைத்த விரல்களைத் தூங்கும் மகளின் கழுத்தில் வைக்கிறேன்.

நல்ல கதகதப்பாக இருக்கிறது.