நான்கு வாத்தியம், ஒரு லிஃப்ட்

லிஃப்ட் கதவில் காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள் மூன்றாம் மாடிப் பெண். உள்ளே காய்கறிப் பையோடு மாட்டிக்கொண்டிருப்பவர் முதல் மாடி டீச்சர்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை மூடிட்டு மறுபடி திறங்களேன், ப்ளீஸ்."

டீச்சர் மூடுகிறார், திறக்கிறார். கையால் இழுக்கும் பழைய இரும்புக் கதவு, கிறீ...ச் என்று வீதிவரை கேட்கிறது.

"சூப்பர். காலையிலவிட இப்ப தொண்டை நல்லா திறந்திருக்கு."

"யாருக்கு, எனக்கா?"

"லிஃப்ட்டுக்கு, ஆன்ட்டி."

எங்கள் கட்டடத்தில் அவளுக்குச் 'சத்தம்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவளும் வருகிறாள். பல்கலைக்கழகத்தில் நவீன இசையமைப்பு படிக்கிறாள். சேர்ந்த புதிதில் இவள் சினிமாவுக்குப் பாட்டுப் போடப் போகிறாள் என்று நம்பி, இரண்டாம் மாடிக்காரர் தன் மகனைப் பாட வைக்கச் சொல்லி அனுப்பினார். அவனைத் தூங்கச் சொல்லி, குறட்டையைப் பதிவுசெய்துகொண்டு திருப்பி அனுப்பிவிட்டாள். குறட்டைக்கு நல்ல மார்க்காம். இரண்டாம் மாடிக்காரர் இன்னமும் அவளோடு பேசுவதில்லை. மகனைக் கலைஞன் என்று சொல்வதை மட்டும் விடவில்லை.

லிஃப்ட்டுக்கு எதிரே என் நகல் கடை. அவள் எழுதும் இசையெல்லாம் என் கை வழியாகத்தான் போகிறது. கோழி கிளறிய மாதிரி கோடும் அம்பும் இருக்கும். ஒரு தடவை இரண்டு பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"அது மௌனம், அங்கிள்."

"மௌனத்துக்கு எதுக்கு ரெண்டு பக்கம்?"

"நீளமான மௌனம்."

வெற்றுத் தாளை வெற்றுத் தாளில் நகல் எடுத்துக் கொடுத்தேன். தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யார் எந்தச் சத்தம் போட்டாலும், உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டி ஒரு நூல் அளவு உயர்த்துவாள், அல்லது கவிழ்த்து ஒரு நூல் இறக்குவாள். நான் தும்மினால் இறக்கச் சொல்வாள். அவள் அம்மா தொலைபேசியில் தன் அண்ணியைத் திட்டும்போது ஏற்றச் சொல்வாள். "நீ ஏத்து ஏத்துன்னு சொல்லித்தான் இப்ப அவங்க பேசறதே இல்லை" என்று அந்த அம்மாள் என் கடையில் வந்து புலம்பினார்.

போன வருஷத் தேர்வில் அவளுக்குத் தோல்வி. என்ன ஆயிற்று என்று கேட்டேன். திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி குரலைத் தாழ்த்தினாள். "நடுவுல ஒரு இடத்துல பாட்டு மாதிரி கேக்குதுன்னு சொல்லிட்டாங்க, அங்கிள்."

இந்த வருஷமும் தோற்றால் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் பட்டறைக்குப் போகவேண்டும் என்று வீட்டில் பேச்சு. அப்பா கடைகளுக்கு ஷட்டர் பழுது பார்ப்பவர். உலகத்தில் கீச்சிடும் எதையும் ஊமையாக்குவதுதான் அவர் தொழில். மகள் சத்தத்தைச் சேர்க்கிறாள், அப்பா தீர்த்துக்கட்டுகிறார்; எப்படித்தான் ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்களோ. லிஃப்ட்டைக் கடக்கும்போதெல்லாம் அவர் கை தானாக எண்ணெய்க் குப்பியைத் தேடும். "அப்பா, அது என்னோட வாத்தியம். தொடக்கூடாது" என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு போவார்.

இந்த வருஷம் அவள் எழுதியது நான்கு வாத்தியத்துக்கும் ஒரு லிஃப்ட்டுக்கும். லிஃப்ட்டைக் கழற்றிக்கொண்டு போக முடியாது என்பதால் பேராசிரியர்களே எங்கள் கட்டடத்துக்கு வந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். என் கடை நாற்காலிகளில்தான் உட்கார்ந்தார்கள். வயலின், புல்லாங்குழல், டிரம், நான்காவதாகப் பேப்பர் கிழிக்கும் ஒரு பையன். அதுவும் வாத்தியம்தானாம், பேப்பர் என்னுடையது. லிஃப்ட்டுக்குள்ளே ஒரு தோழி. கதவை இழுப்பது அவள் பொறுப்பு. படிக்கட்டு முழுக்கக் குடித்தனக்காரர்கள். அப்பா சலவைச் சட்டையில், மூலையில், முகம் கொள்ளாத சிரிப்போடு நின்றார்.

வயலின் முனகியது. பையன் கிழித்தான். பெண் பேராசிரியர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எல்லாரும் நிறுத்த, எங்கள் 'சத்தம்' கையை உயர்த்தி லிஃப்ட்டைக் காட்டினாள். தோழி கதவை இழுத்தாள்.

கதவு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திறந்தது. ஓர் ஓசைகூட இல்லை.

தோழி மூடினாள், மறுபடி இழுத்தாள். அதே அமைதி. மகள் உயர்த்திய கையை இறக்காமல் தலையை மட்டும் அப்பா பக்கம் திருப்பினாள்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்திலிருந்த என் காதில், "கச்சேரிக்கு முன்னாடி வாத்தியத்துக்குச் சுருதி சேக்கணும்ல. அதான் காலையில கொஞ்சம் எண்ணெய் போட்டேன்" என்றார்.

"கொஞ்சமா?"

"ஒரு குப்பி."

ஆண் பேராசிரியர் பேனாவைத் திறந்தார். படிக்கட்டில் இரண்டாம் மாடிக்காரர் கனைத்தார். அவள் கை இன்னும் காற்றிலேயே நின்றது. நான் அந்தக் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

அப்போது மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வால் மிதிபட்ட பூனையும் துருப்பிடித்த ஷட்டரும் சேர்ந்து அழுத மாதிரி, கிறீ...ச். அப்பாதான். கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். தோழி அவசரமாகக் கதவை அவர் குரலோடு சேர்த்து இழுத்தாள். வயலின் திகைத்துப்போய் உள்ளே நுழைந்தது. பெண் பேராசிரியர் கடிகாரத்தை மறந்து முன்னால் சாய்ந்தார்.

அப்பா மெல்ல ஒரு கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

அவள் உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டி, ஒரு நூல் உயர்த்தினாள்.