பரிந்துரைப் பட்டியலில் இருந்த மோடம்

அன்று காலை பத்து மணிக்கு தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் மண்டோர் முனியாண்டி அண்ணன் ஆபீஸ் வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"என்னா தங்கச்சி, இன்னிக்கு மருந்து அடிக்கிறோம்னு பாலர் பள்ளிக்கு மெசேஜ் போகலயா? புள்ளைங்க எல்லாம் வெளிய வெளாடுதுங்க. டிராக்டர கைய காட்டி நிறுத்திட்டு வரேன்."

அந்தப் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. செண்டாயானிலிருந்து வேலைக்கு வரும்போது அவளையும் காரில் கூட்டிவந்து அங்கே விடுவேன்.

கோலா பிலா பக்கம் இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில், களைக்கொல்லி அடிக்கும் நாளில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கும் பாலர் பள்ளிக்கும் விடியும்போதே எஸ்எம்எஸ் போக வேண்டும். அனுப்புவது ஆபீஸில் உள்ள லினக்ஸ் சர்வர். அது என் பொறுப்பு.

முந்தின வாரம்தான் புது சர்வர் வந்து, எல்லாவற்றையும் நானே இன்ஸ்டால் செய்திருந்தேன். மழை பெய்தால் தோட்டத்து இணையம் பாதியில் அறுந்துவிடும். அதனால் எனக்கு ஒரு பழக்கம். லினக்ஸில் ஒரு மென்பொருள் பேக்கேஜைப் போட்டால், அது ஓடுவதற்குக் கட்டாயம் வேண்டிய பேக்கேஜ்கள் கூடவே வரும். இருந்தால் நல்லது என்று பரிந்துரைக்கப்பட்டவையும் வரும். பரிந்துரைகள் வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆப்ஷன் உண்டு. அதை யோசிக்காமலே சேர்த்துவிடுவேன். டவுன்லோட் சீக்கிரம் முடியும்.

சிம் கார்டு போட்ட மோடம் வழியாக எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதி அந்தப் பரிந்துரைகளில் ஒன்று. அது இல்லாமலும் அறிவிப்பு அனுப்பும் நிரல் ஓடியது, ஈமெயில் அனுப்பியது. சோதித்தபோது என் ஈமெயிலுக்கு அறிவிப்பு வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மோடம் பகுதி இல்லை என்று, சர்வர் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக்கில் ஒரே ஒரு வரி இருந்தது. நான் லாக்கைத் திறக்கவில்லை.

மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எனக்கு ஈமெயில் வந்திச்சே?"

"ஒங்களுக்கு வரும் சார். நீங்கதான் ஏர்கான்ல கதவ சாத்திக்கிட்டு இருக்கீங்களே," என்றார் அண்ணன்.

பாலர் பள்ளிக்கு ஓடினேன். டீச்சர் பிள்ளைகளை உள்ளே அழைத்து ஜன்னல்களை மூடிக்கொண்டிருந்தார். "என் ஃபோன பாருங்க லா, ஒன்னுமே வர்ல," என்று நீட்டினார். டிராக்டர் நான்கு வரிசை தள்ளி நின்றிருந்தது. யார் மேலும் மருந்து படவில்லை. ஆனாலும் மகளின் முகத்தையும் கைகளையும் கழுவிக்கொண்டே இருந்தேன். "அம்மா, போதும்மா, குளுருது," என்றாள்.

திரும்பி வந்த உடனே விட்டுப்போன மோடம் பேக்கேஜைப் போட்டேன். பிறகு எங்கள் தோட்டத்துக்கென்றே ஒரு சின்னப் பேக்கேஜ் செய்து, மோடம் பகுதி கட்டாயம் என்று அதில் எழுதினேன். அதைப் போட்டால், பரிந்துரைகள் வேண்டாம் என்று சொன்னாலும் மோடம் பகுதி வந்தே தீரும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டாயமில்லை என்றால், அது இல்லாமலும் நிரல் ஓடும் என்று மட்டும்தான் அர்த்தம். பேக்கேஜ் செய்தவருக்கு நம் தோட்டம் தெரியாது. இது இல்லாவிட்டால் யாருக்கு என்ன போய்ச் சேராது என்று பார்க்க வேண்டியது நாம். நான் இன்னமும் பரிந்துரைகளைத் தவிர்க்கிறேன், ஒவ்வொன்றின் விளக்கத்தையும் படித்த பிறகு.

மருந்து அடிக்கும் நாளில் டீச்சருக்கு ஃபோன் செய்து கேட்கிறேன். "வந்திச்சு லா, எத்தன தடவ கேப்பீங்க?" என்று அலுத்துக்கொள்கிறார். அவர் வாயால் அதைக் கேட்ட பிறகுதான், டிராக்டரை எடுக்கலாம் என்று அண்ணனிடம் சொல்கிறேன்.