கீழ்க்கணக்குப் பெண்கள் கயிறு இழுத்த விதம்

கயிறு இழுக்கிற போட்டிக்குள் நான் வந்தது ஓர் ஆள் குறைந்ததால்தான். சித்திரை வருஷப் பிறப்பு விளையாட்டு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எங்கள் அணியில் இழுக்க வேண்டிய ஓர் அக்கா தேயிலைக் கொழுந்து எடுக்கிற இடத்தில் வடிகானுக்குள் கால் விட்டுக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். எட்டுப் பேர் வேண்டும், ஏழு பேர்தான் மிச்சம். நான் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கி இறக்குகிறவளுக்குக் கையில் பலம் இருக்காதா என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆளில்லாத இடத்தில் என்னை நிறுத்தினார்கள், அதுவும் முதல் ஆளாக.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம். தோட்டத்துக்கு இரண்டு பிரிவு. பிரிவைக் கணக்கு என்றுதான் சொல்வோம். ரோட்டோரத்தில் இருக்கிற எங்களுடையது மேல்கணக்கு. இரண்டு கிலோமீட்டர் இறங்கிப் போனால், ஆற்றுப் பக்கம் கீழ்க்கணக்கு. வருஷத்தில் ஒருநாள் இரண்டு கணக்கும் எங்கள் மைதானத்தில் கூடும். சாக்கு ஓட்டம், முட்டி உடைத்தல், யானைக்குக் கண் வைத்தல் எல்லாம் முடிந்து, கடைசியாகப் பெண்கள் கயிறு இழுப்பார்கள். ஜெயிக்கிற அணியில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி.

ஒரு காலத்தில் நாங்கள்தான் ஜெயித்தோம். பிறகு என்னவோ ஆகிவிட்டது. மூன்று வருஷமாகக் கீழ்க்கணக்குதான் வாளி தூக்கிக்கொண்டு போனது. நான் நின்றது நான்காவது வருஷம்.

விசில் ஊதினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இழுத்தேன். எங்கள் ஆட்கள் கத்தினார்கள். கண்ணைத் திறந்து பார்த்தேன். எனக்கு நேரே கீழ்க்கணக்கின் முதல் ஆள், உயரமான ஒரு பெண், வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு நரம்புகூடப் புடைக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றார். ஆனால் நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம். என் கால் தரையில் இரண்டு கோடு போட்டது. பக்கம் மாறி இரண்டாவது தடவை இழுத்தபோதும் அதேதான்.

தோற்றது எனக்குப் பெரிய கவலையாக இல்லை. அந்தப் பெண் இழுத்த மாதிரியே தெரியவில்லையே, அதுதான் மண்டைக்குள் நின்றுவிட்டது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தேயிலை பெக்டரியில் வேலை.

"அவங்க களி திங்கிறாங்க, நீங்க பாண் திங்கிறீங்க," என்றார். பாண் என்றால் பேக்கரி ரொட்டி.

"அவங்களும் பாண்தான் திங்கிறாங்க. ஒரே பாண் வேன்தானே ரெண்டு பக்கமும் போகுது."

"அப்ப கயித்துல ஏதாச்சும் இருக்கும்."

எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. குழாயடியில் ஒருத்தி, அவர்கள் கோயிலில் கயிற்றை வைத்துப் பூசை போடுகிறார்கள் என்றாள். கால் சுளுக்கிய அக்கா, மைதானம் சாய்ந்திருக்கிறது என்றார். அதைச் சரிபார்க்க எனக்கு ஒரு வழி தோன்றியது. மடுவத்துப் பிள்ளைகளின் ரப்பர் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மைதானத்தின் நடுவில் வைத்தேன். அது மெதுவாக, கீழ்க்கணக்கு முதலில் நின்ற கடைப் பக்கம் உருண்டது. அப்போது சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான், பக்கம் மாறியும் தோற்றோமே என்ற ஞாபகம் வந்தது.

கீழ்க்கணக்கு அணியில் மூன்றாவதாக நிற்பது என் வீட்டுக்காரரின் தங்கை. அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுக்குப் போன் எடுத்தேன்.

"எப்படி இழுக்கிறீங்க?"

"கையாலதான் அண்ணி."

"வெளையாடாத. ஏதோ இருக்கு."

"இருந்தா சொல்லுவாங்களா? நீங்க அந்தப் பக்கத்து ஆளு," என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் ஆவணி மாசம் கீழ்க்கணக்கு மடுவத்துப் பெண் பிரசவ லீவில் போனாள். வாரத்தில் மூன்று நாள் நான் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று பெரட்டில் சொல்லிவிட்டார்கள். பெரட்டு என்றால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். மற்ற நேரமாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்துக்கு முனகியிருப்பேன். அன்று வாயைத் திறக்கவில்லை.

கீழ்க்கணக்கு மடுவத்தின் பின் ஜன்னலில் நின்றால் ஆற்றோர மலை முழுக்கத் தெரியும். மலை என்று நாங்கள் சொல்வது கொழுந்து எடுக்கிற நிலத்தை. அது ரோட்டிலிருந்து கிணறு மாதிரி கீழே இறங்குகிறது. கொழுந்து லொறி ரோட்டில்தான் நிற்கும். முதல் நாள் பின்னேரம், பிள்ளைகளைத் தாய்மார் வந்து கூட்டிப்போகிற நேரமாகியும் யாரையும் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ரோட்டோரத்தில் எட்டுப் பத்துப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கையில் கயிறு. கயிற்றின் அந்த முனை சரிவுக்குள் இறங்கிப் போயிருந்தது. யாரும் பேசவில்லை. எல்லோரும் பின்னால் சாய்ந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, எல்லோரும் ஒரே ஓர் அடி பின்னால் வைத்தார்கள். மறுபடி நின்றார்கள். மறுபடி ஓர் அடி. கடைசியில் சரிவின் விளிம்பில் ஒரு பெரிய கொழுந்து மூட்டை தலை காட்டியது.

கைக்குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ரோட்டுக்கே போய்விட்டேன். என் நாத்தனார் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். வரிசையின் கடைசியில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு குள்ளமான ஒரு அக்கா நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர்தான் போட்டியிலும் கடைசி ஆள்.

"ஏன் இப்படித் தூக்குறீங்க? பாதை இருந்துச்சே," என்றேன்.

"பாதை மழையில சரிஞ்சி ஆத்துக்குப் போயிருச்சிங்க டீச்சர்," என்றார் அவர். "சுத்துப்பாதையில தலையில வச்சித் தூக்கிட்டு வந்தா ஒரு மணித்தியாலம். ரெண்டு பேர் வழுக்கி விழுந்தாங்க. அதுக்கப்புறம் நாங்களே கயிறு கட்டிக்கிட்டோம்."

"எப்ப சரிஞ்சது?"

அவர் சொன்ன வருஷத்தை நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். நாங்கள் தோற்கத் தொடங்கியதற்கு முந்தின மழைக்காலம் அது. அவர்கள் ஒருநாளும் போட்டிக்குப் பழகவே இல்லை. பின்னேரம் தோறும் மூட்டை தூக்கியதுதான்.

அதோடும் என்னால் நிறுத்த முடியவில்லை. ஏன் மெதுவாக இழுக்கிறீர்கள் என்று கேட்டேன். வெடுக்கென்று இழுத்தால் மூட்டை தேயிலைச் செடியிலும் கல்லிலும் மாட்டிக் கிழியும், கொழுந்தெல்லாம் கொட்டிப் போகும் என்றார். அதனால் முதலில் பிடித்து நிற்பார்கள். மூட்டை ஆடாமல் அமைதியான பிறகு ஓர் அடி. அந்த அடியை எப்போது வைப்பது என்று கடைசி ஆள் சொல்ல வேண்டும். சத்தம் போட்டால் மூச்சுப் போய்விடும், அதனால் வாயை மூடிக்கொண்டு "ம்" என்பார். அவ்வளவுதான். கிட்டே நின்று கேட்டால் கேட்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்காது.

அடுத்த மூட்டைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று மூட்டையில் என் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. பலமாக இழுக்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் நின்றவர், "இழுக்காதீங்க டீச்சர், நில்லுங்க," என்றார். நிற்பது இழுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

போகும்போது அந்த அக்காவிடம் வெளிப்படையாகக் கேட்டேன். "நான் இதை எங்க ஆளுங்ககிட்ட சொல்லலாமா?"

"சொல்லுங்களேன். சொன்னா வந்துருமா?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகத்தான் இருந்தது போல.

நான் சொன்னேன். எங்கள் ஆட்கள் முதலில் நம்பவில்லை, பிறகு உற்சாகமாகிவிட்டார்கள். மைதானத்து ஓரத்து யூகலிப்டஸ் மரத்தில் கயிறு கட்டி ஒரு வாரம் இழுத்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. மரம் அசையாது. அசையாத ஒன்றை இழுத்து, அடி எப்போது வைப்பது என்று எப்படிக் கற்றுக்கொள்வது? நமக்கும் ஒரு மூட்டை வேண்டும் என்றேன். சும்மா கிடக்கிற கொழுந்து மூட்டையை யார் தருவார்கள்?

அப்போதுதான் கிரிக்கெட் பிட்ச் உருட்டுகிற உருளை கண்ணில் பட்டது. தார் பீப்பாய்க்குள் கொங்கிரீட் போட்டு இளைஞர்கள் செய்தது. மைதானத்துக்குப் போகிற மண்பாதை நல்ல ஏற்றம். உருளையைப் பாதையின் அடியில் வைத்து மேலே இழுத்தால் என்ன?

கிரிக்கெட் அணியின் கெப்டன் சம்மதிக்கவில்லை. "அக்கா, அது உருண்டு போய் யாரோட லயத்து வீட்டுக்குள்ளயாவது பூந்துச்சின்னா என்ன செய்றது?"

"பின்னால கல்லு போட்டுக்கிட்டே வருவோம்."

"எங்க பிட்ச யாரு உருட்டுவா?"

"இழுத்து முடிச்சதும் நாங்களே உருட்டித் தர்றோம்," என்றேன். அதோடு சம்மதித்தார். ஆறு மாசம் சனிக்கிழமை தோறும் நாங்கள் பிட்ச் உருட்டினோம். அந்த வருஷம் பந்து நன்றாக எழும்புகிறது என்று இளைஞர்கள் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் கடைசி ஆளுக்கு "ம்" சொல்ல வரவில்லை. சொன்னால் எல்லோரும் சிரித்தார்கள். ஆகவே "வா" என்று சொல்வதாக வைத்துக்கொண்டோம். மார்கழிக் குளிரில் பனி விழுந்த புல்லில் நின்று "வா", "வா" என்று மூச்சு வாங்கியது இப்போதும் நினைவிருக்கிறது. தை பிறந்த பிறகு ஒருநாள் உருளை குலுங்காமல் ஏறியது. உச்சிக்குப் போனதும்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சித்திரை வந்தது. நான் மறுபடி முதல் ஆள். எனக்கு எதிரே அதே உயரமான பெண்.

முதல் இழுப்பில் தோற்றோம். ஆனால் உடனே தோற்கவில்லை. கூட்டம் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தது. பக்கம் மாறினோம். இரண்டாவதில் கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி ஓர் அடி, இன்னோர் அடி என்று எங்கள் பக்கம் வந்தது. விசில் ஊதியபோது நான் ஒன்றும் விளங்காமல் நின்றேன். பிறகுதான் எங்கள் பக்கத்து ஆட்கள் மைதானத்துக்குள் ஓடி வருவது தெரிந்தது.

மூன்றாவதற்கு நிற்கும்போது தூறல் விழத் தொடங்கியது. ஒலிபெருக்கிப் பெட்டிகள் நனையும் என்று பாட்டை நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மைதானம் திடீரென்று அமைதியாகிவிட்டது. விசில். நாங்கள் சாய்ந்து நின்றோம். அவர்களும் சாய்ந்து நின்றார்கள். துணி நடுவிலேயே நின்றது.

அப்போது எனக்குக் கேட்டது. கயிற்றின் மறுகோடியிலிருந்து அந்த அக்காவின் "ம்". அவர்கள் ஓர் அடி வைக்கப் பார்த்தார்கள். அதே நொடியில் நாங்களும் ஓர் அடி வைக்கப் பார்த்தோம். எங்கள் கடைசி ஆள் "வா" சொல்லவே இல்லை. மறுபடி "ம்". மறுபடி இரண்டு பக்கமும் ஒன்றாக. துணி துடித்துவிட்டு நடுவிலேயே நின்றது. எங்கள் எட்டுப் பேரும் எதிரணியின் சொல்லுக்கு அடி வைத்துக்கொண்டிருந்தோம். எப்போது தொடங்கினோம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. விசில் வைத்திருந்த, தோட்டத்து நலன் பார்க்கிற வெல்பெயார் ஐயா குனிந்து துணியையே பார்த்தார். எவ்வளவு நேரம் நின்றோமோ, என் தொடை நடுங்கியது.

எதிரே நின்ற பெண்ணுக்கு அது விளங்கிவிட்டது. அவர் உதடு லேசாக விரிந்தது. பின்னால் திரும்பவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு "ம்" வரவில்லை. நாங்கள் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றோம். காத்துக்கொண்டு நிற்கும்போதே எங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் ஈரப் புல்லில் உட்கார்ந்து சிரித்தேன். அழுகிறேன் என்று நினைத்து நாத்தனார் ஓடி வந்தாள். எழுந்து நேரே அந்தக் குள்ளமான அக்காவிடம் போனேன். அவர் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க உங்க சத்தத்துக்கு அடி வக்கிறோம்னு எப்படித் தெரிஞ்சது? நீங்க கடைசியிலதானே நின்னீங்க?"

"கயித்துல தெரிஞ்சிச்சு. மூட்டைக்குக் காது இல்ல. அது நான் சொல்றதுக்கு முன்னுக்கும் வரும், பின்னுக்கும் வரும். நீங்க சரியா நான் சொன்ன நேரத்துக்கே வந்தீங்க."

"சத்தமில்லாம பிறகு எல்லாரும் எப்படி ஒண்ணா அடி வச்சீங்க?"

அவர் யோசித்தார். பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்தார். அவர்களும் யோசித்தார்கள். மூன்றாவதாக நின்ற என் நாத்தனார், தனக்கு முன்னால் நின்றவளின் முதுகைப் பார்த்ததாகச் சொன்னாள். முன்னால் நின்றவள், யாரையும் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன் என்றாள். உயரமான பெண், பெருவிரல் ரேகையில் கயிறு நகர்கிற மாதிரி இருந்தது என்றார். ஒருத்திக்கு ஒருத்தி மாற்றிச் சொன்னார்கள். அது பற்றி அவர்கள் அதுவரை பேசிக்கொண்டதே இல்லை என்று தெரிந்தது. மழை வலுத்தும் யாரும் ஒதுங்கவில்லை. எங்கள் ஆட்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த எட்டு வாளியையும் மாற்றி மாற்றித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நீ எப்படி, நீ எப்படி என்று கேட்டபடி பதினாறு பேரும் நின்றோம்.

வைகாசியில் கொழுந்து கூடும் காலம். சனிக்கிழமைகளில் அரை நாள் கிடைத்தால் நான் மூட்டை இழுக்கக் கீழ்க்கணக்கு ரோட்டுக்கு இறங்கிப் போவேன், சில நாள் எங்கள் கடைசி ஆளும் கூட வருவார். எங்களை வரிசையில் பிரித்து நிறுத்துவார்கள். கயிறு சரிவுக்குள் இறங்கும். கீழே யாரோ மூட்டையைக் கட்டிவிட்டு, கயிற்றை ஒரு தடவை ஆட்டிக் காட்டுவார்கள்.