சின்னச் சட்டியில் ஒரு பிடி சோறு

ஏறக்குறைய பதினைந்து வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதம் நடந்தது இது. அப்போது நான் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் லிகிதராகக் கோப்புகள் எழுதிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, பக்கத்தில் உள்ள குண்டசாலையில் வீடு எடுத்துக் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் பஸ் பிடித்து, டவுனில் உள்ள தேவாலயத்தின் தமிழ் ஆராதனைக்குப் போய் வருவோம்.

அந்தத் தேவாலயத்தில் ஒரு கேள்விப் பெட்டி இருந்தது. பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மூடியில் ஒரு வெட்டுப் போட்ட பிஸ்கட் டின்தான். வேதாகமத்தில் விளங்காத இடங்களையும் விசுவாசத்தைப் பற்றிய சந்தேகங்களையும் யாரும் பெயர் போடாமல் துண்டில் எழுதிப் போடலாம். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் வருவதற்கு முன், ஒருவர் எழுந்து அவற்றை வாசித்துப் பதில் சொல்வார். அந்த ஒருவர் நான்தான். போதகருக்கு வேறு ஊர்களிலும் சபைகள் இருந்ததால் இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கால் மணி நேரத்துக்காகவே நான் மாதம் முழுவதும் காத்திருப்பேன். காயீன் யாரைக் கல்யாணம் செய்தான்? கடவுள் ஒருவர் என்றால் மூவர் என்பது எப்படி? பார்வோனின் மனதைக் கடவுளே கடினமாக்கிவிட்டு அவனையே தண்டிப்பது நியாயமா? எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது, அதுவும் அதிகாரம், வசன எண்ணோடு. பின்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டினால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். என் மனைவி மட்டும் வீட்டுக்கு வரும் வழியில், "கடவுளுக்குத் தெரியாததும் உங்களுக்குத் தெரியுது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஜனவரி மாத ஞாயிறு டின்னில் ஐந்து துண்டுகள் இருந்தன. கடைசித் துண்டு பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. சாமிக்குப் படைத்த சாப்பாட்டைக் கிறிஸ்தவர்கள் சாப்பிடலாமா என்று ஒரே ஒரு வரி. பொங்கலுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. யாரோ அயல்வீட்டுச் சர்க்கரைப் பொங்கலை நினைத்துக் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். தேநீரும் வந்துவிட்டது. கூடாது என்று ஒரே போடாகப் போட்டேன். அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஓர் இடத்தைக் காட்டி, ஆண்டவருடைய பந்தியிலும் மற்றப் பந்தியிலும் ஒருசேர உட்கார முடியாது என்று கையை உயர்த்திச் சொன்னேன். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. அதே நிருபத்தில் அதற்கு முன்னும் பின்னும் பவுல் வேறு சிலவற்றையும் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதையெல்லாம் சொல்லப் போனால் பதில் நீண்டுவிடும், அழுத்தமும் போய்விடும். அதனால் விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, நான் டின்னைத் திறக்கப் போகும்போது ஒருவர் என்னிடம் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். டவுனில் ஒரு தையற்கடையில் வேலை செய்பவர், ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவர். ஞானஸ்நானம் பெற்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

"அந்தத் துண்டு நான் போட்டதுதாங்க. நீங்க சொன்ன மாதிரியே நடந்துட்டேன். பொங்கலுக்குப் போனேன், அம்மா குடுத்தத தொடவே இல்ல. இனிமே இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேங்க."

பொங்கலை மட்டும்தானே விட வேண்டும், வீட்டில் சாப்பிடாமல் இருப்பானேன் என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய அம்மா, கணவர் இறந்த நாளிலிருந்து, எதைச் சமைத்தாலும் முதல் கரண்டியை மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பரிமாறுவாராம். வெறும் சோறும் பருப்பும் என்றாலும் அப்படித்தான். ஆகவே அந்த வீட்டில் படைக்காத சாப்பாடு என்று ஒன்று கிடையாது. ஒரே பிள்ளை இவர். அம்மா தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறார். மகன் கிழமைக்கு ஒரு தடவை போய்ச் சாப்பிட்டு வருவதுதான் இருவருக்கும் இருந்த உறவு. மகன் மதம் மாறியபோது கூட அந்த அம்மா தடுக்கவில்லையாம். எந்தச் சாமியோ என் பிள்ளையைக் காப்பாற்றினால் சரி என்றுதான் சொன்னாராம். இப்போது மூன்று கிழமையாக மகன் அந்தப் பக்கமே போகவில்லை.

 அவர் சந்தோஷமாகச் சொன்னார் என்பதுதான் இன்னும் மோசம். அன்று டின்னில் இருந்த கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று சத்தியமாக நினைவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே கேட்டாள்.

"ஏனப்பா, கந்தோரிலை வாணி விழாவிலை சரஸ்வதிக்குப் படைச்ச அவலும் கடலையும் வருஷா வருஷம் திண்டனீங்கள்தானே? எனக்கும் ஒரு கடதாசிச் சரையிலை கட்டிக்கொண்டு வந்தனீங்கள். அது எந்தப் பந்தி?"

வேதாகமத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நிருபத்தின் எட்டாம் அதிகாரம் தொடங்கிப் பத்தாம் அதிகார முடிவு வரை அன்று எழுத்துவிடாமல் வாசித்தேன். நான் காட்டிய இடம் அங்கே இருந்தது, பொய் இல்லை. ஆனால் ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் முன்னால் வைப்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம் என்பதும் இருந்தது. சாப்பாட்டைவிட, கூட இருக்கும் சகோதரனின் மனச்சாட்சி பெரிது என்பதும் இருந்தது. என் உரிமையால் அவன் இடறுவான் என்றால் அந்த உரிமையே எனக்கு வேண்டாம் என்று பவுல் சொல்வதும் இருந்தது. நான் மூன்று அதிகாரத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, ஒரு தாயையும் பிள்ளையையும் பிரித்து வைத்திருந்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில் திருத்திச் சொல்லலாம் என்றேன். "அதுவரைக்கும் அந்த மனுசி என்ன செய்யிறது?" என்றாள் மனைவி.

அந்தச் சனிக்கிழமையே தையற்காரரையும் கூட்டிக்கொண்டு ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறினேன். பஸ் மலை ஏற ஏற, நான் அந்த அதிகாரங்களை அவருக்கு விளக்கிக்கொண்டே போனேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு திரும்பி, "அப்ப அன்னைக்கு ஏங்க இதச் சொல்லல?" என்றார்.

அத்தனை வருடங்களில் எனக்கு வந்த கேள்விகளிலேயே கடினமான கேள்வி அதுதான். "தெரியும், சொல்லேல்லை. பிழை என்னிலைதான்" என்றேன். அவர் கோபப்படவில்லை. ஆனால், "எனக்கு இன்னும் பயமாத்தாங்க இருக்கு. புதுசா வந்தவன் நான்" என்றார். சரி, பயம் இருக்கும்வரை சாப்பிட வேண்டாம், அம்மாவைப் பார்த்தால் போதும் என்றேன்.

லயத்து வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மெலிந்த உடம்பு. மகனைக் கண்டதும் முகம் மலர்ந்தது, உடனேயே என்னைப் பார்த்து ஒரு கலக்கமும் வந்தது. மகனைத் தன்னிடமிருந்து பிரித்த ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார். நினைத்தது சரிதானே. "வாங்கய்யா, உக்காருங்க" என்று ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார்.

நான் மன்னிப்புக் கேட்பதற்காக வரும் வழியெல்லாம் சொற்களைக் கோத்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். எட்டிப் பார்த்தால் அடுப்பின் அருகே இரண்டு பாத்திரங்கள். ஒன்று பெரிய பானை. மற்றது புத்தம் புதிய சின்ன அலுமினியச் சட்டி. அந்தச் சின்னச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மகனுக்கு முன்னால் வைத்தார்.

"இது சாமிக்கு வைக்கலப்பா. தனியா வடிச்சது. கொழம்பும் தனியாத்தான் எடுத்து வச்சிருக்கேன். நீ தைரியமா சாப்புடு."

நாங்கள் வருவது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாதுங்கய்யா. இவன் எப்ப வருவான்னு சொல்ல முடியாதே. பொங்கல் முடிஞ்ச மறுநாள்லருந்து தெனமும் ஒரு புடி அரிசிய தனியா போட்டுருவேன். வரலன்னா பக்கத்து வீட்டுக்குக் குடுத்துருவேன். எனக்கு சாமி முக்கியம்தான், அதுக்காக இவன் பட்டினியா திரும்பிப் போகலாமா?"

 மகன் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டார்.  கோத்து வைத்த சொற்களில் ஒன்றும் வரவில்லை. நான் சொன்னது பிழை, மன்னியுங்கோ அம்மா என்று மட்டும் சொன்னேன். "அட விடுங்கய்யா, மொதல்ல சாப்புடுங்க" என்றார் அவர், அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பது போல.

இந்த இடத்தில் நான் இன்னொரு தவறு செய்யப் பார்த்தேன். எனக்குப் பெரிய பானையிலிருந்து போடுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். புதிதாகக் கற்ற பாடத்தைக் காட்ட வேண்டும் என்ற அவசரம். அப்போது மகனின் முகம் கண்ணில் பட்டது. நான் என்ன செய்யப் போகிறேன் என்று பயந்து பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன். சின்னச் சட்டியிலேயே எனக்கும் கொஞ்சம் போடச் சொன்னேன்.

ஒரு ஆளுக்கு வடித்த சோற்றை இரண்டு பேர் பகிர்ந்தோம். அந்த அம்மா தன் பானையிலிருந்து போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். பருப்பும் பீன்ஸும் ஒரு துண்டுக் கருவாடும். மகன் தட்டை வழித்துச் சாப்பிட்டதை அவர் பார்த்துக்கொண்டிருந்த விதம் இருக்கிறதே, அதற்காகவே எத்தனை பஸ்ஸும் ஏறலாம். "அடுத்த வாட்டி ஐயா வந்தா கொஞ்சம் பெரிய சட்டியா வாங்கி வைக்கிறேன்" என்று சிரித்தார். எனக்குப் பாதி வயிறுதான் நிறைந்தது. பஸ் ஏறுமுன் கடையில் இரண்டு பணிஸ் வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த முதல் ஞாயிறு எல்லோர் முன்னாலும் எழுந்து, போன ஜனவரி மாதம் நான் சொன்ன பதில் அரைப் பதில் என்று சொல்லி மூன்று அதிகாரங்களையும் வாசித்தேன். தேநீர் ஆறிப் போனது, யாரும் குறை சொல்லவில்லை. தையற்காரர் மறுபடியும் கிழமைக்கு ஒரு தடவை அம்மாவிடம் போய் வரத் தொடங்கினார்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என்றாலும் யாராவது வந்து வேதத்தில் சந்தேகம் கேட்பது நிற்கவில்லை. பதில் சொல்லுமுன் அவர்களை உட்கார வைத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பது என் வழக்கமாகிவிட்டது. பிறர் மனச்சாட்சிக்காக விட்டுக்கொடுக்கச் சொல்லும் அந்தப் பகுதியை நான் எத்தனையோ தடவை வாசித்து விளக்கியிருக்கிறேன், ஆனால் அதன்படி நாள் தவறாமல் நடந்த ஒருவரை ஒரே ஒரு தடவைதான் நேரில் கண்டேன், அவர் வேதாகமத்தைத் திறந்தே பார்க்காதவர்.